பெர்த்திலிருந்து ஒரே மூச்சில்

ஜூலை 8, பெர்த்

நாளை மறுநாள் மாலை லண்டன் பயணம். பூமி உருண்டையில் மிகக் குறுகிய கோடு போட்டால் இங்கிருந்து லண்டன் ஹீத்ரோ விமான நிலையம் ஏறத்தாழ 14,500 கிலோமீட்டர். எங்கும் இறங்காமல் பதினேழு மணித்தியாலத்துக்கு மேல் பறக்க வேண்டும். 2018 மார்ச்சில் குவாண்டாஸ் விமான நிறுவனம் தொடங்கிய சேவை இது. அவுஸ்திரேலியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு இடைநில்லாமல் போன முதல் பயணிகள் சேவையும் இதுவே. இதில் பறக்கும் போயிங் 787-9இன் தாங்கிகள் ஒன்றேகால் லட்சம் லீற்றருக்கு மேல் கொள்ளும். அவை நிரம்பிவிட்டால், விமானம் எழும்போது அதன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு எரிபொருள்தான். பின்னால் எரிக்கப்போகும் எண்ணெயைச் சுமப்பதற்கே முதல் மணித்தியாலங்களில் எண்ணெய் எரிகிறது. தூரம் கூடக்கூட இந்தக் கணக்கு இறுகிக்கொண்டே போகும்.

ஜூலை 9

மாலையில் ஸ்வான் ஆற்றின் நெட்லண்ட்ஸ் கரைக்குப் போனேன். இலங்கையில் பிறந்து பெர்த்தில் வாழ்கிறவர்களுக்கு இந்தக் கரை தெரிந்திருக்க வேண்டும். 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழ, அவுஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்கான வான்வழி அறுந்தது. மறு வருடம் இந்த ஆற்றிலிருந்து கட்டலினா கடல் விமானங்கள் கிளம்பி, காலிக்குப் பக்கத்துக் கொக்கல வாவியில் போய் இறங்கின. ஏறத்தாழ 5,650 கிலோமீட்டர்; 27 முதல் 33 மணித்தியாலம் வரை. அதிகபட்சம் மூன்று பயணிகள், கொஞ்சம் தபால். எதிரி விமானங்கள் திரிந்த கடலை இருட்டில் கடந்தார்கள். வானொலியில் பேசக்கூடாது, நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் திசை பிடித்தார்கள். ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரப் பெயர்களே: அல்டேர், வேகா, ரைகல், அன்டாரிஸ், ஸ்பைக்கா. ஒரே பயணத்தில் இரண்டு தடவை சூரியன் உதிப்பதைக் கண்டவர்களுக்கு ‘இரட்டைச் சூரியோதயம்’ என்று சான்றிதழும் கொடுத்தார்கள். 1945 வரை நடந்த சேவையில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அந்த விமானிகளை நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

ஜூலை 11, லண்டன்

பெர்த்தில் சூரியன் மறைந்த பிறகு ஏறினோம். இறங்கும்போது இங்கே அப்போதுதான் விடிகிறது. இரவு எங்களோடு கூடவே மேற்கே வந்தது.

“எத்தனை மணித்தியாலமடா?” என்று அக்கா கேட்டா. அவ மார்கழியில் பெர்த் வந்து, அங்கிருந்து மெல்பேர்ண் போகப் போறா. கிழக்கே போகையில் மேலைக்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் நேரம் குறையும் என்றேன். ஆனால் காற்று மட்டுமா? 2024இல் ஈரான் வான்பரப்பைத் தவிர்க்க வேண்டிவர, சுற்றுப்பாதைக்கு எரிபொருள் காணாமல், பெர்த்திலிருந்து லண்டன் வரும் விமானம் கொஞ்சக் காலம் சிங்கப்பூரில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டுதான் வந்தது. 1942இல் சிங்கப்பூரை விட்டு விலகச் செய்தது ஒரு போர். 2024இல் அங்கேயே இறங்கச் செய்தது இன்னொரு போர்ப் பதற்றம். வரைபடத்தில் இருக்கும் 14,500 என்ற எண் மட்டும் அசையவில்லை.

பாதையும் நேரமும் மாறலாம் என்பதால், மெல்பேர்ண் விமானத்தைப் பெர்த்தில் இறங்கும் நாளுக்கு மறுநாளைக்குப் போடும்படி அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.