மறுத்தவனும் நாயகன்தான்



அழைப்பு வரும், நாயகன் முதலில் மறுப்பான், பிறகு புறப்பட்டுச் சோதனைகளை வென்று ஊர் திரும்புவான். ஜோசப் கேம்பல் 1949இல் எழுதிய நூலில் நாயகனின் பயணம் இப்படித்தான். கலாசாலையில் படித்த நாள் முதல் நானும் இதை வைத்தே கதை சொல்லிக்கொடுக்கிறேன். இதில் மறுப்பு என்பது தாண்டிப்போக வேண்டிய ஒரு படி.

அழைப்பு கட்டாய ஆள்சேர்ப்பாக வந்தால்?

1967 ஏப்ரல் 28, ஹூஸ்டன். வியட்நாம் யுத்த காலம். இராணுவத்துக்கு ஆள் எடுக்கும் இடத்தில் முஹம்மத் அலியின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் ஓரடி முன்வைக்கவில்லை. சம்பியன் பட்டம் போனது. 5 வருடச் சிறைத்தண்டனை விதித்தார்கள். மேன்முறையீட்டில் 1971இல்தான் உச்ச நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. அவருடைய பயணமே அந்த மறுப்புதான்.

அலியை உலகம் அறியும். நம்மவர்களை?

1977, 1983 கலவரங்களுக்குப் பயந்து மலையகத் தோட்டங்களை விட்டு எத்தனையோ குடும்பங்கள் வன்னிக்குப் போயின. 1983இல் நம்ம பதுளை நகரமும் எரிந்ததே. பாதுகாப்புத் தேடிப்போன அதே இடத்தில், யுத்தத்தின் கடைசி வருடங்களில், வீட்டுக்கு ஒருவரைப் புலிகள் கேட்டார்கள். பிள்ளையைக் குழி தோண்டி ஒளித்தவர்கள் உண்டு. கலியாணம் முடித்தவரை எடுக்கமாட்டார்கள் என்று நம்பி, சின்ன வயதிலேயே கட்டிவைத்தவர்களும் உண்டு. அப்படியும் பலரின் பிள்ளைகளைக் கொண்டுபோனார்கள்.

போனவனை மட்டும் வீரன் என்று வகுப்பில் சொன்னால், ஒளிந்திருந்த பிள்ளை கோழையாகிவிடும், ஒளித்துவைத்த தாய்க்குக் கதையில் இடமே இருக்காது. வன்னிக்குப் போன சொந்தம் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அந்தக் கதையைக் கேட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.