கிட்டாரின் முனகல்

எலெக்ட்ரிக் கிட்டாரை ஆம்ப்ளிஃபையரில் செருகிவிட்டு, வாசிக்காமல் சும்மா நின்று பாருங்கள். ‘ம்ம்ம்...’ என்று முனகும். பேய் இல்லை, கரன்ட். (எங்கள் மாடிவீட்டுப் பையனின் வாசிப்பைவிட முனகல் சுருதியோடு இருக்கிறது.)

தந்திகளுக்குக் கீழே இருக்கும் ‘பிக்கப்’ என்பது காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செப்புக் கம்பியும்தான். ஸ்டீல் தந்தி அதிர்ந்தால் கம்பியில் மின்சாரம் பிறக்கிறது. கூடவே, பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரின் முனகலையும் பிடித்துக்கொள்கிறது. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், நம் ஊரில் 50.

கிப்ஸன் கம்பெனியில் செத் லவர் என்பவர் இதற்கு ஒரு வைத்தியம் செய்து, 1955-ல் பேட்டன்ட்டுக்கு மனுப் போட்டார். ஒரு சுருளுக்குப் பதில் இரண்டு. இரண்டாவதில் சுற்றும் தலைகீழ், காந்தமும் தலைகீழ். வெளியிலிருந்து வரும் முனகலுக்குக் காந்தம் பொருட்டில்லை; அது ஒரே ஒருமுறை தலைகீழாகி, கழிந்துபோகிறது. தந்தியின் நாதமோ இரண்டு முறை தலைகீழாகிப் பழையபடி நேராகி, கூடிக்கொள்கிறது. மைனஸ் இன்ட்டு மைனஸ் எதற்கு என்று பள்ளிக்கூடத்தில் அலுத்துக்கொண்டவர்கள் கவனிக்க. பெயர், ஹம்பக்கர்.

பேட்டன்ட் கிடைத்தது 1959-ல். பிற்பாடு பிக்கப்பின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருந்த நம்பர் லெஸ் பாலின் டெயில்பீஸுடையது!

இலவசமில்லை. தந்தியை ஒரே சமயம் இரண்டு இடத்தில் கேட்பதால் உச்ச ஒலிகள் கொஞ்சம் மழுங்குகின்றன. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் ‘கணீர்’ ஒற்றைச் சுருளுடையது. என்னைக் கேட்டால் அதற்காக முனகலைப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கு, ஹம்பக்கரில் ஒரு சுருளை மட்டும் அணைக்க ஸ்விட்ச் வைத்துத் தருகிறார்கள். தட்டினால் கணீர் வரும். பின்னாலேயே ‘ம்ம்ம்’.