ஐந்தரை மணி நேரம் கூட்டியவன்

பிறந்த தேதியில் ஒரு நாள் குறைகிறது என்று புகார் வந்ததும், நான் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டி டிக்கெட்டை மூடினேன். தெரியாமல் செய்யவில்லை. மாலைக்குள் வேலை முடிந்ததாகக் காட்ட வேண்டியிருந்தது.

படிவத்தில் 15 மார்ச் 1990 என்று வந்தால், என் ஜாவாஸ்கிரிப்ட் கோடு அதைக் கணினி இருக்கும் ஊரின் நள்ளிரவாக எடுத்துக்கொண்டது. சென்னை நள்ளிரவு என்பது யுடிசியில் முந்தைய நாள் மாலை 6.30. அதை யுடிசி எழுத்தாக மாற்றி, தேதியை மட்டும் வெட்டிச் சேமித்தேன், 14 ஆகிவிட்டது. ஐந்தரை கூட்டியதும் 15 திரும்பியது. ரிவ்யூவில் கேட்டவரிடம் "டைம்ஸோன் ஃபிக்ஸ்" என்று சொல்லிச் சமாளித்தேன்.

சிங்கப்பூர் யுடிசிக்கு எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கிருந்து பதிந்தவர்களுக்கு ஐந்தரை கூட்டினாலும் கணக்கு முந்தைய நாள் இரவு 9.30-லேயே நின்றது. நியூயார்க்கில் வேறு கூத்து. சேமித்த 1990-03-15 என்பதைத் திரும்பப் படிக்கும்போது ஜாவாஸ்கிரிப்ட் யுடிசி நள்ளிரவு என்று கொள்கிறது. கூடவே மணியையும் எழுதிவிட்டால் உள்ளூர் நேரம் என்கிறது. 2009-ல் வந்த ஜாவாஸ்கிரிப்ட் விதி இரண்டையுமே யுடிசி என்றது. பிறகு மணி உள்ளதை மட்டும் மாற்றினார்கள். (யார் தலையில் உதித்த யோசனையோ!) யுடிசி நள்ளிரவு சென்னையில் காலை 5.30, தேதி மாறாது. நியூயார்க்கில் அது முந்தைய நாள் மாலை. என் மேசையில் எப்போதும் எல்லாம் சரியாகவே தெரிந்தது.

இதுவரை சொன்னது சோம்பேறித்தனம். அடுத்தது அயோக்கியத்தனம். சிங்கப்பூரிலிருந்து எழுதியவருக்கு, "உங்கள் கணினியின் கடிகாரத்தைச் சரிபாருங்கள்" என்று பதில் அனுப்பினேன். அவர் கடிகாரம் சரியாகத்தான் இருக்கும் என்பது அதை எழுதும்போதே எனக்குத் தெரியும்.

பின்னால் திருத்த உட்கார்ந்தபோது வழியே இல்லை. சேமித்தது வெறும் தேதி. எந்த ஊரிலிருந்து வந்தது என்ற குறிப்பை நான் வைக்கவில்லை. எது சரி, எது ஒரு நாள் குறைந்தது என்று பிரிக்க முடியாது. ஒவ்வொருவரிடமும் மறுபடி கேட்க வேண்டியதாயிற்று. அந்த மடலிலும் காரணம் "சிஸ்டம் அப்டேட்" என்றுதான் போட்டேன்.

பிறந்த தேதிக்கு மணி கிடையாது, டைம்ஸோனும் கிடையாது. அதை நேரமாக மாற்றாமல், வந்த தேதியாகவே டேட்டாபேஸில் வையுங்கள். ஐந்தரையைக் கையால் கூட்டும் வரி உங்கள் கோடில் இருந்தால், இன்றே எடுத்துவிடுங்கள்.