சஷ்டி வாரத்துத் திங்கட்கிழமை

தினசரி நாட்காட்டித் தாளின் அடியில், ராகுகாலம், எமகண்டம், சூலம் எல்லாம் முடிந்த பிறகு இடம் மிச்சமிருந்தால் 'வரலாற்றில் இன்று' என்று பொடி எழுத்தில் நாலு வரி போட்டிருப்பார்கள். எனக்கு அந்த நாலு வரிமேல் பெரிய மரியாதை கிடையாது. வருஷத்துக்கு மிஞ்சிப்போனால் 366 கட்டங்கள். உலகத்தில் இதுவரை நடந்ததையெல்லாம் அதற்குள் கொட்டினால் எந்தக் கட்டத்திலும் ஒரு போரும் ஒரு பிறப்பும் ஒரு பூகம்பமும் விழத்தான் செய்யும். நவம்பர் 1 ஐயே பாருங்கள். 1755இல் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தில் நொறுங்கியது. 1959இல் தியாகராஜ பாகவதர் காலமானார். 1973இல் மைசூர் மாநிலம் கர்நாடகம் ஆனது. அன்றைக்கேதான் ஐஸ்வர்யா ராயும் பிறந்தார். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் பங்காளி உறவுகூட இல்லை.

ஆனால் எங்கள் வில்லியனூர்ப் பக்கத்தில் நவம்பர் 1 ஐ அப்படிச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. அது புதுச்சேரியின் விடுதலை நாள். 1954இல் அந்தத் தேதி ஒரு திங்கட்கிழமை. அதற்குச் சரியாக இரண்டு வாரம் முன்னால், அக்டோபர் 18, அதுவும் திங்கட்கிழமைதான், வில்லியனூர் கொம்யூன் என்ற உள்ளாட்சிப் பகுதியைச் சேர்ந்த கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. கீழூர் அன்றைக்கு எல்லையோரத்துச் சிற்றூர். புதுச்சேரி என்றால் கடற்கரைச் சாலையையும் வெள்ளைச் சுவர்களையும் நினைப்பவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம். பிரெஞ்சு ஆட்சி இருப்பதா போவதா என்று முடிவானது நகரத்தில் அல்ல, வயலுக்கு நடுவில்.

வாக்களித்தது மக்கள் எல்லோரும் அல்ல. புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் நகரசபை உறுப்பினர்களுமாக 178 பேர். இந்தியாவோடு சேர 170, வேண்டாம் என்று 8. ஊர் ஊராக மக்களிடமே கேட்டிருக்கலாமே என்று இன்றும் சிலர் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இந்தியாவும் பிரான்சும் செய்துகொண்ட 1948 உடன்பாட்டில் மக்கள் தாமே முடிவுசெய்வார்கள் என்றுதான் பேச்சு. 1949இல் இன்னொரு பிரெஞ்சுப் பகுதியான சந்திரநாகூரில் அப்படித்தான் நடந்தது. ஆனால் 1954 அக்டோபருக்குள் காரியம் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. மார்ச் கடைசியில் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறியாகிவிட்டது. அதுவரை பிரெஞ்சுக்காரர்களின் வலது கையாக இருந்த எதுவார் குபேரே கட்சி மாறிக் கொடிக்குக் கீழே நின்றார். ஜூனில் ஏனாம் போயிற்று, ஜூலையில் மாஹே. குடிமக்களின் சம்மதம் இல்லாமல் நிலப்பரப்பை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று பிரான்சின் 1946 அரசியல் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்ததால், அதற்கு ஒரு காகிதம் தேவைப்பட்டது. கீழூர் அந்தக் காகிதத்தைக் கொடுத்தது. எனக்கு அந்த 170 பேரைவிட எட்டுப் பேர்மேல்தான் ஆர்வம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று ஊருக்கே தெரிந்த பிறகும் எதிர்த்து வாக்குப் போட்டுவிட்டு, அதே வண்டிப் பாதையில் ஊர் திரும்பியவர்கள்.

அக்டோபர் 21இல் டில்லியில் உடன்பாடு கையெழுத்தானது, இந்தியாவுக்காக ஆர்.கே. நேரு, பிரான்சுக்காக ஒஸ்ட்ரோரோக். பதினோராம் நாள் நிர்வாகம் கைமாறியது. கேவல் சிங் தலைமை ஆணையராகப் பொறுப்பேற்றார்.

என் பாட்டி தலைமுறையில் இதைத் தேதியாக நினைவு வைத்திருந்தவர்கள் குறைவு. "தீபாவளி போயி சஷ்டி விரதம் இருந்தோம் பாரு, அப்பத்தான் கொடி மாத்துனாங்க" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. ஜய வருஷம், ஐப்பசி. அக்டோபர் 26 அமாவாசை. அதற்கடுத்த ஆறு நாள் விரதத்தின் கடைசியில்தான் அந்தத் திங்கட்கிழமை வருகிறது. கிறிஸ்தவ வீடுகளில் கேட்டால் வேறு அடையாளம் சொல்வார்கள். நவம்பர் 1 சகல புனிதர்கள் திருநாள், மறுநாள் கல்லறைத் திருநாள். 1877 முதல் லூர்து மாதா வீற்றிருக்கும் ஊர் வில்லியனூர். அங்கே கல்லறைக்கு வெள்ளையடிப்பதற்கும் மெழுகுவத்தி வாங்குவதற்கும் நடுவில்தான் ஆட்சி மாறியது. பிரெஞ்சுக்காரர்களுக்கும் அது விடுமுறை நாள்.

அந்த விடுமுறை நாளை இன்னொரு கூட்டமும் குறித்து வைத்திருந்தது. நாட்காட்டித் தாள் சொல்லாத வரி இதுதான். இங்கே விடியற்காலையாக இருந்த அதே நேரத்தில், அங்கே நள்ளிரவு தாண்டிய இருட்டில், அல்ஜீரியாவின் பல இடங்களில் குண்டுகள் வெடித்தன. காவல் நிலையங்களும் படை முகாம்களும் தாக்கப்பட்டன. தேசிய விடுதலை முன்னணி என்ற பெயரை உலகம் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டது. அல்ஜீரியப் போர் தொடங்கிய நாள் 1954 நவம்பர் 1. இன்றும் அந்நாட்டின் தேசிய விழா நாட்களில் அது முக்கியமானது.

ஒரே பிரான்ஸ், ஒரே பிரதமர், ஒரே நாள். இங்கே கையெழுத்துப் போட்டு வணக்கம் சொல்லிக் கிளம்பியவர்கள், அங்கே படையை அனுப்பினார்கள். மென்டெஸ் பிரான்ஸ் அப்போது பிரதமர். மே மாதம் தியென் பியென் பூவில் பிரெஞ்சுப் படை சரணடைந்த பின் பதவிக்கு வந்தவர். ஜூலையில் ஜெனீவாவில் இந்தோசீனப் போரை முடித்தவர். கைவிட வேண்டியதைக் கைவிடத் தெரிந்த மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அல்ஜீரியாவைக் கைவிட அவராலும் முடியவில்லை. அங்கே சுமார் பத்து லட்சம் ஐரோப்பியர்கள் குடியேறி, நிலம் பிடித்து, தலைமுறைகளாக வாழ்ந்தார்கள். சட்டப்படி அது குடியேற்ற நாடே அல்ல, பிரான்சின் மாவட்டங்கள். நம்மிடம் என்ன இருந்தது? சில மில்கள், ஒரு துறைமுகம், அடுத்த நாட்டின் வயல்களுக்குள் துண்டு துண்டாகச் சிதறிய கிராமங்கள். வில்லியனூருக்கும் பாகூருக்கும் போகும் சாலையில் இன்றும் இரண்டு மாநில எல்லைப் பலகைகளும் மாறி மாறி வரும். விட்டுப்போவது எளிதாக இருந்தது என்பதால் நம் போராட்டம் சிறியதாகிவிடாது. 1936 ஜூலை 30இல் மில் தொழிலாளர்கள் பன்னிரண்டு பேர் சுடப்பட்டுச் செத்த ஊர் இது. ஆனாலும் அல்ஜீரியா கொடுத்த விலையோடு ஒப்பிட்டுப் பேசும்போது கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்வதே முறை என்று நினைக்கிறேன்.

கதை அந்த ஒரு நாளோடு முடிந்திருந்தால் இதையும் தற்செயல் என்று விட்டிருப்பேன். முடியவில்லை. 1954இல் கைமாறியது நிர்வாகம் மட்டும்தான். சட்டப்படி மண் பிரான்சுடையதாகவே இருந்தது. ஒப்படைப்பு ஒப்பந்தம் 1956 மே 28இல் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தர வேண்டும். தரவில்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம், ஐந்து வருஷம் போயிற்று. அல்ஜீரியாவில் சண்டை நடந்துகொண்டிருக்கும்போது, ஒரு பிரெஞ்சு நிலத்தை விட்டுக்கொடுக்கக் கை தூக்குங்கள் என்று உறுப்பினர்களிடம் கேட்க எந்த அரசாங்கத்துக்குத் துணிச்சல் வரும்? 1962 மார்ச்சில் சண்டையை நிறுத்தும் எவியான் உடன்பாடு வந்தது, ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. அதே ஜூலையில் நம் ஒப்பந்தத்துக்கும் ஒப்புதல் கிடைத்தது. ஆகஸ்ட் 16, வியாழக்கிழமை, பத்திரங்கள் பரிமாறப்பட்டன. அல்ஜீரியப் போரும் புதுச்சேரியின் இரண்டுங்கெட்டான் காலமும் ஒரே நாளில் தொடங்கி, ஆறு வார இடைவெளியில் முடிந்தன. நமக்கு அந்த ஏழே முக்கால் வருஷமும் காத்திருப்பு. அவர்களுக்கு அத்தனை நாளும் சாவு.

சொல்தா என்று நாங்கள் சொல்லும் பிரெஞ்சுப் படைவீரர் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் நெருக்கமானது. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனாவுக்கும் பிறகு அல்ஜீரியாவுக்கும் போன புதுச்சேரித் தமிழர்கள் உண்டு. தன் ஊர் விடுதலையான நாளில் மூண்ட போரில், விடுதலை கேட்டவர்களுக்கு எதிர்வரிசையில் துப்பாக்கி பிடித்து நின்றவர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. சம்பளம், பிறகு பென்ஷன், பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. மூன்று போகம் பார்த்தாலும் கடன் தீராத வீட்டிலிருந்து போனவனுக்கு அதற்குமேல் யோசிக்கச் சொல்லிக்கொடுத்தவர் யார்?

நவம்பர் 1 நமக்கு இன்னொரு வேடிக்கையும் வைத்திருந்தது. 1956இல் அதே தேதியில் மொழிவழி மாநிலங்கள் பிறந்தன. கன்னியாகுமரியும் செங்கோட்டையும் தமிழர் பக்கம் வந்தன. கேரளம் பிறந்தது, ஆந்திரப் பிரதேசம் பிறந்தது. தன் கொடியேற்றத்தின் இரண்டாம் ஆண்டு நிறைவு நாளில் புதுச்சேரி மட்டும் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தது. சட்டப்படி இன்னும் வந்து சேராத நிலத்தை எந்த மாநிலத்தோடு சேர்ப்பது? மாஹே கேரளத்துக்குள் இருந்தும் கேரளம் ஆகவில்லை. ஏனாம் ஆந்திரத்துக்குள் இருந்தும் ஆந்திரம் ஆகவில்லை. இன்றைக்கு நான்கு துண்டாக ஒரு யூனியன் பிரதேசம் இருப்பதற்கு அந்தத் தாமதமும் ஒரு காரணம்.

ஆகஸ்டில் எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு அடுத்தடுத்து இரண்டு கொடியேற்றம். 15 நாட்டுக்கு, 16 கீழூர் நினைவிடத்தில், பெரிய மனிதர்கள் வந்து ஏற்றுவது. 1947 ஆகஸ்ட் 15 ஸ்ரீ அரவிந்தருக்கு எழுபத்தைந்தாம் பிறந்த நாள். அவர் இருந்த ஊரில் அன்று பறந்தது பிரெஞ்சுக் கொடி. அந்த 15க்கும் 1962இன் 16க்கும் நடுவில் பதினைந்து வருஷமும் ஒரு நாளும்.

பாகூர்க்காரர்கள் இதைப் படித்தால், தேதியைப் பற்றிப் பேச வில்லியனூருக்கு என்ன தகுதி என்று கேட்கக்கூடும். நியாயம்தான். ஒரே சண்டைக்கு இரண்டு தேதி வைத்திருக்கும் ஊர் அவர்களுடையது. 1752இல் பாகூரில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் போர். ஆங்கிலப் படைக்கு ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸ்; எதிரே புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் உறவினர் கெர்ழான். துப்பாக்கிமுனைக் கத்தியோடு நேருக்கு நேர் மோதிய சண்டை, கெர்ழான் பிடிபட்டார். நடந்தது எப்போது? ஆங்கிலேயர் ஆகஸ்ட் 26 என்று எழுதினார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு அது செப்டம்பர் 6. இருவருமே பொய் சொல்லவில்லை. பிரான்ஸ் அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே புதிய கிரெகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து பழைய ஜூலியனையே பிடித்துக்கொண்டிருந்தது. பதினோரு நாள் வித்தியாசம். பாகூர் வரப்பில் எதிரெதிரே நின்ற இரண்டு படைகளும் ஒரே விடியலில் வெவ்வேறு மாதத்தில் இருந்தன. அதைவிட வேடிக்கை, சண்டை முடிந்த ஒரே வாரத்தில் இங்கிலாந்தும் மாறியது: அந்த வருஷம் செப்டம்பர் 2க்கு மறுநாள் அவர்களுக்கு 14.

உழவர்களுக்கு இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. ஆங்கீரச வருஷம், ஆவணி மாதம், அவ்வளவுதான். அந்தக் காலத்துப் புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளை இந்த விஷயத்தில் கெட்டிக்காரர். நாட்குறிப்பில் தமிழ் வருஷம் மாதம் தேதியையும் வெள்ளைக்காரத் தேதியையும் சேர்த்தே போட்டுவிடுவார். அந்த நாட்குறிப்பு தொடங்குவது 1736 செப்டம்பர் 6. பிரெஞ்சுக் கணக்கில் பாகூர்ச் சண்டையும் அதே தேதிதான். இது வெறும் தற்செயல். அல்ஜீரியா மாதிரி உள்ளே ஒரு முடிச்சும் கிடையாது. ஆனாலும் ஒருமுறை சொல்லிப்பார்க்க ஆசையாக இருந்தது.

எனக்குப் பாகூரில் கொண்டாடத் தோன்றுவது அந்தச் சண்டையை அல்ல. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், ஒன்பதாம் நூற்றாண்டில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது கல்லூரிக்கு, மூன்று ஊர்களை இறையிலியாகக் கொடுத்துச் செப்பேடு எழுதினார்கள். வடமொழியிலும் தமிழிலுமாக ஐந்து ஏடுகள். படிப்பவர்களும் படிப்பிப்பவர்களும் சோற்றுக்கு அலையாமல் இருக்க ஊர்களின் விளைச்சலை எழுதி வைத்த காரியம். அதில் ஆட்சியாண்டு இருக்கிறது. நம் நாட்காட்டித் தாளில் ஒரு கட்டத்தில் போடுகிற மாதிரி தேதி இல்லை. அதனால் பாகூர் ஏரிக்கரையில் அதற்கு ஒரு நாளும் கொடி ஏறுவதில்லை, பள்ளிக்கு விடுமுறையும் இல்லை. மூலநாதர் கோயிலுக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தச் சேதி தெரியும்? கொம்யூன் பஞ்சாயத்து மனம் வைத்தால், தண்ணீர் திறக்கும் சமயம் பார்த்து ஏதாவது ஒரு நாளை அதற்கென்று எடுத்துக்கொள்ளலாம். எந்த நாளாக இருந்தாலும் எனக்குச் சம்மதம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். பிள்ளைகளுக்கு ஒரு லீவு வீணாகிவிடும்.