உறுவையாற்றிலிருந்து ஓர் உலா

சென்ற கோடை விடுமுறையில், வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த உறுவையாற்றில் உறவினர் இல்லத்தில் குடும்பத்துடன் தங்கியிருந்தோம். ஒருநாள் தெற்கே பாகூருக்கும், மறுநாள் மேற்கே திருபுவனைக்கும் சென்று வந்தோம். ஆயிரம் ஆண்டுகட்கு முன் இவ்வூர் மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர், எவ்வாறு தம்மைத் தாமே ஆண்டனர் என்பதைக் கோயிற் சுவர்களும் செப்பேடுகளும் நமக்கு உரைக்கின்றன.

பாகூரின் பழம்பெயர் வாகூர். 9ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் காலத்தில், இங்கிருந்த கல்விச் சாலைக்கு 3 ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் கூறுகின்றன. திருபுவனை வரதராசப் பெருமாள் கோயிலில் உள்ள 1048ஆம் ஆண்டுக் கல்வெட்டோ, 260 மாணவரும் 12 ஆசிரியரும் கொண்ட கல்லூரியைக் காட்டுகிறது. கல்வி தடைப்படலாகாது என்று அவர்களை ஊர் வாரியப் பணிகளினின்று விலக்கியும் வைத்தனர்!

அந்த வாரியங்கள் எவை? காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் இதனை விளக்கமாகத் தருகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். ஏரி வாரியம், தோட்ட வாரியம் எனப் பணிகள் பகுக்கப்பட்டன. பொறுப்பு ஓராண்டுக்கே. கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய உறவினரும் பின்னர்ப் பதவிக்கு வர இயலாது. இலண்டன் நகரத்தார் தம் மேயரை ஆண்டுதோறும் தேர்ந்துகொள்ளும் உரிமையைச் சான் மன்னனிடம் பெற்றது 1215இல்தான் என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகிறது. ஆயினும் குறையையும் மறைத்தலாகாது. நிலமுடைய அந்தணருக்கே அச்சபையில் இடம். உழுதவருக்கும் பெண்டிருக்கும் இல்லை.

வாழ்வும் வணிகமும் ஏரி நீரையும் ஆட்டு மந்தையையும் சார்ந்திருந்தன. கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரியப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள் இடையரிடம் ஒப்படைக்கப்பட்டன. அவர்கள் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளந்தனர். மந்தை குறையாது காத்தலும் அவர் கடமை.

பாகூர் ஏரிக்கரையில் முதியவர் ஒருவர், “ஏரி எங்கள் தாய், ஐயா, ஆனால் தாயைப் பார்க்க இப்போது யார் பொறுப்பு என்றுதான் தெரியவில்லை” என்றார். அச்சொல் நெஞ்சில் தைத்தது. புதுவையில் 1968இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்குப் பின், அடுத்த தேர்தல் 38 ஆண்டுகள் கழித்து 2006இல்தான் நடந்தது. அப்போது தேர்வானோரின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. ஆண்டுதோறும் குடவோலை எடுத்தோரின் வழிவந்தவர்கள் நாம்!

ஏரியும் பள்ளியும் அரசுக்கு மட்டும் உரியன அல்ல. நம் பிள்ளைகளை அடுத்த விடுமுறையில் அக்கற்சுவர்களின் முன் நிறுத்துவோம். கணக்குக் கேட்கவும் கணக்குக் காட்டவும் அவர்கள் அங்கே கற்கட்டும்.