ராத்தாவின் கலண்டர்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கிறவர்கள் வாசியுங்கள்.

பதினொரு வருடம் குவைத்தில் வேலை செய்துவிட்டு ராத்தா ஊருக்கு வந்தபோது, பெட்டிக்குள் ஒரு பழைய கலண்டரும் இருந்தது. அவவோடு ஒரே வீட்டில் வேலை செய்த பிலிப்பைன்ஸ் பெண் கொடுத்தது. படத்தில் வயல், நாற்று நடுகிற பெண்கள், முதுகுக்குப் பின்னால் வெயில். கீழே சின்ன எழுத்தில் அமோர்சோலோ என்று ஒரு பெயர். வருடம் முடிந்துபோன கலண்டர்தான், என்றாலும் குசினிச் சுவரில் மாட்டினோம். வீட்டுக்கு வந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "பிலிப்பைன்காரங்களுக்கு இப்படியெல்லாம் கீற வருமா? அவங்க வீட்டு வேலைக்கு வாற ஆக்கள்தானே" என்றார். ராத்தா ஒன்றும் பேசவில்லை. தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டா. அவவும் அதே வேலைக்குத்தானே போனவ.

அந்தப் பேச்சு எங்களுக்குச் சுட்டது. வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஆசிரியர்கள், ஒருவர் சித்திரம், மற்றவர் வரலாறு. ஆசிரியர் கலாசாலையில் ஐரோப்பிய ஓவியர்களின் பெயர்களைப் பரீட்சைக்காகப் பாடமாக்கினோம். ஆசியாவில் இந்தியா, சீனா, யப்பானைத் தாண்டியதில்லை. வந்தவருக்கு அன்றைக்குப் பதில் சொல்ல எங்களிடம் ஒரு பெயர்கூட இருக்கவில்லை. அதனால் தேடி வாசித்தோம்.

வாசித்தால், இதே கேள்வி 140 வருடங்களுக்கு முன்பே மட்ரிட் நகரத்தில் கிடக்கிறது. பிலிப்பைன்ஸை ஸ்பெயின் 300 வருடங்களுக்கு மேல் ஆண்டது. மண்ணின் மக்களை ஆண்டவர்கள் 'இந்தியோ' என்று அழைத்தார்கள். அந்தச் சொல்லுக்குள் சோம்பேறி, அறிவில்லாதவன் என்ற அர்த்தமும் சேர்ந்தே வரும். அந்த இந்தியோக்களில் ஒருவர் ஹுவான் லூனா. 1857இல் வடக்கு இலோக்கோஸ் பக்கத்துப் பாடோக் ஊரில் பிறந்தவர். முதலில் கப்பலோட்டப் படித்து, பிறகு தூரிகையைப் பிடித்தவர். 1884இல் ஸ்பெயினின் தேசியக் கலைக் கண்காட்சியில் அவருடைய 'ஸ்போலியாரியம்' தங்கப் பதக்கம் வாங்கியது. அதே கண்காட்சியில் இன்னொரு பிலிப்பைன்காரர் பெலிக்ஸ் ஹிதால்கோவுக்கு வெள்ளி.

அந்தப் படத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பண்டைய ரோமாபுரியில், சண்டைக்களத்தில் செத்த அடிமை வீரர்களைக் கீழ் அறைக்கு இழுத்துப்போய் உடுப்பையும் கவசத்தையும் உரிவார்கள். அந்த அறைக்குப் பெயர்தான் ஸ்போலியாரியம். இருட்டு. நடுவில் பிணங்களைக் கயிறு கட்டி இழுக்கிறார்கள். இடப்பக்கம் பார்க்க வந்த கூட்டம். வலப்பக்கம் ஒரு பெண் நிலத்தில் சரிந்து கிடக்கிறாள், அவளுடைய முகத்தை லூனா எங்களுக்குக் காட்டவில்லை. உயரம் 4 மீற்றருக்கு மேல், அகலம் 7 மீற்றருக்கு மேல். எங்கள் வகுப்பறைச் சுவர் காணாது.

இதில் பிலிப்பைன்காரர் ஒருவரும் இல்லை. நெல் இல்லை, தென்னை இல்லை. பிறகு எப்படி அது ஒரு நாட்டின் படமாயிற்று? அந்த ஜூன் 25ஆம் திகதி மட்ரிட்டில் லூனாவுக்கும் ஹிதால்கோவுக்கும் நாட்டுக்காரர்கள் விருந்து வைத்தார்கள். அங்கே எழும்பிப் பேசியவர்களில் ஒருவர் 23 வயது மருத்துவ மாணவர், ஹொசே ரிசால். திறமை ஒரு இனத்துக்கு எழுதிக் கொடுத்த சொத்தல்ல என்பதுதான் அவருடைய பேச்சின் சாரம். இழுபடுகிற அந்த உடம்புகளில் அவர்கள் தங்கள் சனங்களைக் கண்டார்கள். ரிசால் 1887இல் தன் முதல் நாவலை வெளியிட்டார். 1896 டிசம்பரில் மணிலாவில் ஸ்பானியர் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

லூனாவை வீரராக மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க எங்களால் முடியாது. 1892இல் பாரிஸில், சந்தேகத்தில், தன் மனைவியையும் மாமியையும் சுட்டுக் கொன்றவர் அவர். அடுத்த வருடம் நீதிமன்றம் விடுதலை செய்தது. தேசிய ஓவியர் என்று மாலை போடும்போது அந்த இரண்டு பெண்களையும் மறைக்கக் கூடாது என்பது எங்கள் எண்ணம். இதில் வீட்டுக்குள்ளேயே எங்களுக்குள் தர்க்கம் வந்தது, இன்னும் முடியவில்லை.

இன்னொரு தர்க்கம் அங்கே நடந்தது. 2002இல் லூனாவின் 'பாரிஸ் வாழ்க்கை' என்ற படத்தை அரச ஊழியர்களின் ஓய்வூதிய நிதி 46 மில்லியன் பீசோ கொடுத்து ஏலத்தில் வாங்கியது. அந்த நிதியில் பாடசாலை ஆசிரியர்களின் காசும் உண்டு. எங்கள் சம்பளத்தில் வெட்டுகிற காசில் ஒரு படம் வாங்கினால் ஆசிரியர் ஓய்வறையில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

சரி, கலண்டருக்கு வருவோம். பெர்னாண்டோ அமோர்சோலோ 1892இல் பிறந்தவர். அவர் தலையெடுத்தது அமெரிக்கர் ஆண்ட காலத்தில். வெயிலைப் பின்னால் வைத்து ஆளை முன்னால் நிறுத்துவது அவருடைய கைப்பழக்கம். 1972இல் அவர் மௌத்தாகி சில நாட்களில் நாட்டின் முதலாவது 'தேசியக் கலைஞர்' பட்டம் கொடுத்தார்கள். (இளம் வயதில் ஒரு ஜின் போத்தலுக்கு லேபலும் கீறியிருக்கிறார். அதில் ஒரு மலக்கு ஷைத்தானை மிதித்துக்கொண்டு நிற்கிறார். குடிக்கிறவன் எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள்.)

ஆனால் அவருடைய வயலில் ஒருவருக்கும் வியர்ப்பதில்லை. வேளாண்மைக் குடும்பத்துப் பிள்ளைகளான எங்களுக்கு அது உடனே பட்டது. அங்கேயும் ஒருவருக்குப் பட்டிருக்கிறது. விக்டோரியோ எதாதெஸ் அமெரிக்காவில் படித்துத் திரும்பி, 1928இல் மணிலாவில் 'கட்டுபவர்கள்' என்ற படத்தைக் காட்டினார். மண் நிறம், முறுக்கேறிய உடம்புகள், கல் சுமக்கிற கூலியாட்கள். ஊர் முகம் சுளித்தது. எங்களுக்கு இரண்டும் வேண்டும் போலிருக்கிறது. ராத்தா கலண்டரைப் பார்த்தது வியர்வையைத் தேடி அல்ல.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தவர் கடைசியாகக் கிடைத்தவர். அப்துல்மாரி ஆசியா இமாவோ, தெற்கே சூலுத் தீவுகளைச் சேர்ந்த தௌசுக் முஸ்லிம். சிற்பி, ஓவியமும் உண்டு. முஸ்லிம்கள் சிறுபான்மையான நாடு அது. லூனாவின் ரோமாபுரியிலும் அமோர்சோலோவின் வயலிலும் அவர்களுக்கு இடமில்லை. இமாவோ, மரத்தில் கொடி கொடியாகச் செதுக்கும் 'ஒகிர்' வேலைப்பாட்டையும், அலகில் மீன் கவ்விய 'சாரிமனோக்' பறவையையும் பித்தளையிலும் வர்ணத்திலும் கொண்டுவந்து நாட்டின் நடுவில் வைத்தார். 2006இல் அவருக்கும் தேசியக் கலைஞர் பட்டம் கிடைத்தது. முஸ்லிம்களில் முதல் ஆள் அவர்தான். அமோர்சோலோவுக்குக் கொடுத்து 34 வருடங்களுக்குப் பிறகு.

இதையெல்லாம் ஒரு ராவு ராத்தாவுக்கு வாசித்துக் காட்டினோம். கேட்டுவிட்டு போனை எடுத்து, அந்தக் கூட்டாளிக்கு அரபியில் குரல் பதிவு அனுப்பினா. "நீ தந்த கலண்டரைக் கீறினவர் யாரென்று எங்கட வீட்டுப் பிள்ளைகள் கண்டுபிடிச்சிட்டாங்க."

சுபஹுக்குப் பிறகு பதில் வந்தது. சிரிப்புச் சத்தம்தான் முதலில். "அவரை எங்கட ஊர்ல பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். பதினொரு வருஷம் ஒரே அறையில இருந்தோமே, நீ ஒரு நாளாவது கேட்டியா?"