தலையெழுத்தும் தலைக்கவசமும்

“விதி அண்ணா, விதி! அவன் தலையிலே அப்படி எழுதியிருக்கு. எழுதினதை அழிக்க யாரால ஆகும்?”

சாலவாக்கத்தில், வீட்டு வாயிலில் போட்டிருந்த பந்தலின் கீழ் நம்மை அமரச் செய்து, நண்பர் இப்படிக் கூறினார். கூறியவர், மகனைப் பறிகொடுத்த தந்தை. அன்று ஒன்பதாம் நாள், மறுநாள் காரியம். கண்ணீர் வற்றிய கண்களுடன் அவர் சொன்ன சொல்லை மறுத்துப் பேச நமக்கு மனம் வரவில்லை, வரவும் கூடாது. துக்க வீடு, வாதமன்றம் அல்ல. ஆனால், அந்தச் சொல் அவரோடு நின்றுவிடவில்லை. வெற்றிலைத் தட்டைத் தள்ளிவைத்தபடி ஒருவர், ‘விதி’ என்றார். பக்கத்தில் இருந்தவர், ‘வேளை’ என்றார். ஊர்ப் பெரியவர் ஒருவரோ, எமன் மண்சாலையிலும் வருவான், தார்ச்சாலையிலும் வருவான் என்று தத்துவமே பேசினார். அத்தனை பேரும் ஒருமனதாக ஒருவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள் — எவன் வந்து பதில் சொல்லமாட்டானோ, எவன் கையில் எந்தக் காவலரும் விலங்கு மாட்ட முடியாதோ, அவனை!

நடந்தது என்ன? பிள்ளைக்கு வயது 27. ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. இரவு ஷிப்ட் முடித்து, விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தான். சாலவாக்கத்தைச் சுற்றியுள்ள பகுதியில் கல் குவாரிகள் மிகுதி என்பதை, அந்தப் பக்கம் போனவர்கள் அறிவார்கள். சல்லியும் எம்-சாண்டும் சுமந்து டிப்பர் லாரிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஓடும் லாரி சிந்திக்கொண்டே போகிறது. ஊருக்கு இரண்டு கல் தொலைவில், ஒரு வளைவில், அப்படிச் சிந்திய சல்லி. வண்டி வழுக்கியது. எதிரே எந்த வண்டியும் இல்லை, பின்னேயும் இல்லை. விழுந்தவனின் தலை, சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதியது. அவ்வளவுதான்.

“உடம்புல வேற ஒரு கீறல் இல்லண்ணா. சட்டை கூடக் கிழியல” என்று தாய் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீர் குடிப்பதற்காக உள்ளே சென்றோம். கூடத்துச் சுவரில் ஓர் ஆணி. ஆணியில் தொங்கியது ஒரு தலைக்கவசம். புத்தம் புதிது, வண்டி வாங்கிய அன்று கடைக்காரர் கொடுத்தனுப்பியது, கண்ணாடியின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய தாள்கூட இன்னும் உரிக்கப்படவில்லை. அதன் நெற்றியில் என்ன தெரியுமா? சந்தனம், குங்குமம்! ஆயுத பூசையன்று வண்டிக்குப் பொட்டு வைத்தவர்கள், ஓரவஞ்சனை வேண்டாம் என்று கவசத்துக்கும் வைத்திருக்கிறார்கள்.

நாம் அந்த ஆணியின் எதிரே எவ்வளவு நேரம் நின்றோமோ, தெரியாது. முன் சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்கியிருப்பார்கள்; கைப்பிடியிலே கறுப்புக் கயிறு கட்டியிருப்பார்கள்; கண்ணேறு படாதிருக்கக் கற்பூரம் சுற்றியிருப்பார்கள். காப்பாற்ற வல்லதென்று எவற்றையெல்லாம் நம்பினார்களோ, அவையெல்லாம் வண்டியோடு சாலைக்குச் சென்றன. உண்மையிலேயே காப்பாற்றக்கூடிய பொருள் ஒன்று இருந்தது; அது ஆணியிலே பூசை பெற்றுக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டது!

கேலி செய்ய எழுதவில்லை இதை. அந்த வீட்டார் கெட்டிக்காரர்கள். கிணற்று மோட்டாரில் கோளாறு என்றால் கற்பூரம் கொளுத்துவதில்லை, மெக்கானிக்கை அழைக்கிறார்கள். நெல்லிலே புகையான் விழுந்தால் ஏன் விழுந்தது, என்ன மருந்து என்று கேட்கிறார்கள். பயிரின் சாவுக்குக் காரணம் தேடுகிற அதே அறிவு, பிள்ளையின் சாவு என்றதும் ஏன் கைகட்டி, வாய்பொத்தி நின்றுவிடுகிறது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம், கடினமான கணக்கல்ல. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்பது, நம் பிள்ளைகள் ‘மெதுவாகத்தான் போனேன்’ என்று சொல்லும் வேகம். அந்த வேகத்தில் தலை ஒரு சுவரில் மோதினால் விழும் அடி, ஏறத்தாழ இருபது அடி உயரத்திலிருந்து தலைகீழாக விழுந்தால் படும் அடிக்குச் சமம். வேகம் 50 ஆனால், உயரம் முப்பது அடியைத் தாண்டிவிடும். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறி நிற்கும் பிள்ளையைக் கண்டு, ‘இறங்கடா’ என்று அலறாத தாய் உண்டா? அதே தாய், அதே உயரத்தின் ஆபத்தைத் தலையில் சுமந்து செல்பவனை, வாயிலில் நின்று கையசைத்து வழியனுப்புகிறாள். உயரம் கண்ணுக்குத் தெரிகிறது, வேகம் தெரிவதில்லை.

கவசத்துக்குள்ளே இருப்பது மந்திரம் அல்ல. மேலே கெட்டியான ஓடு. உள்ளே தெர்மாகோல் போன்ற நுரைப்பொருள். அடி விழும்போது நுரை நசுங்குகிறது. மண்டை நசுங்க வேண்டிய இடத்தில் அது நசுங்கிக்கொள்கிறது. தாடையின் கீழே பட்டையை மாட்டாவிட்டால், கவசம் ஒருபுறமும் தலை ஒருபுறமுமாகப் பறக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத கவசத்தை விற்கலாகாது என்ற ஆணை 2021 ஜூன் முதல் நடப்பில் இருக்கிறது. பல நாடுகளில் நடந்த 61 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2008இல் வெளியான மதிப்பீடு, விபத்தில் சிக்கியவர் கவசம் அணிந்திருந்தால் சாகும் வாய்ப்பு நூற்றுக்கு 42 பங்கும், தலைக்காயத்தின் வாய்ப்பு 69 பங்கும் குறைகின்றன என்று கூறுகிறது. முழுக் காப்பு அல்ல. அப்படி நாம் சொல்லவும் இல்லை. ஆனால் எலுமிச்சம்பழத்துக்கு இப்படியொரு கணக்கை எவரேனும் காட்டட்டும், பார்ப்போம்!

இந்தக் கவசத்துக்கும் ஒரு கதை உண்டு. ‘அரேபிய லாரன்ஸ்’ என்று உலகம் அறிந்த ஆங்கிலேயர், போர்க்களங்களிலெல்லாம் தப்பியவர், 1935 மே மாதத்தில் தம் ஊர்ச் சாலையில், சைக்கிளில் வந்த இரு சிறுவர்கள் மேல் மோதாதிருக்க மோட்டார் சைக்கிளை ஒடித்தார், விழுந்தார், தலையில் அடி, ஆறாம் நாள் மாண்டார். வயது 46. அவரைக் காப்பாற்ற முயன்றவர்களில் ஒருவர், ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை மருத்துவர். அந்த மருத்துவரும், “காலம் முடிந்தது” என்று கைகழுவிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. போர் மூண்டபின் மோட்டார் சைக்கிளில் இறந்தவர்களைப் பற்றி ஆராய்ந்தார். முதல் 21 மாதங்களில் ஓட்டியவரும் பின்னால் அமர்ந்தவருமாக 2,279 பேர் என்று கணக்கெடுத்தார். பெரும்பாலோர் சாவுக்குத் தலைக்காயமே காரணம் என்று கண்டார். கவசத்தின் தேவையைப் பற்றி 1941இல் எழுதினார். அவ்வாண்டே பிரிட்டிஷ் இராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கிற்று. ஒரு பிணத்தின் முன் நின்று ‘ஏன்?’ என்று கேட்ட ஒருவரின் பிடிவாதம் அது.

இங்கே கேட்க வேண்டிய ‘ஏன்’கள் எத்தனை! 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர் என்பது ஒன்றிய அரசின் கணக்கு. அவர்களுள் கவசம் அணியாத இருசக்கர வண்டிப் பயணிகள் 50,029 பேர். மணிக்கு ஐந்து பேருக்கு மேல்! தமிழ்நாட்டில் மட்டும் அவ்வாண்டு சாலையில் போன உயிர்கள் 17,884. எழுத்தாணி பிடித்தவன் எவனோ, தமிழ்நாட்டுத் தலைகளில் மட்டும் இவ்வளவு அழுத்தி எழுத வேண்டிய காரணம் என்ன?

சட்டம் இல்லாமல் இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு இருக்கிறது. 2007 ஜூனில் தமிழ்நாட்டில் கவசம் கட்டாயம் என்றார்கள். 2015 ஜூலை முதல் கட்டாயம் என்று உயர் நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டியதாயிற்று. 2022 அக்டோபரில் அபராதம் நூறு ரூபாயிலிருந்து ஆயிரமாயிற்று. விளைவு? “செங்கல்பட்டு போகும்போது மாட்டிக்குவான், நம்ம ஊருக்குள்ள எதுக்கு?” என்கிறார்கள். காவலர் நிற்கும் இடத்துக்கு நூறு கஜம் முன்னால் தலைக்கு ஏறுகிறது. நூறு கஜம் தாண்டியதும் முழங்கைக்கு இறங்கிவிடுகிறது. மண்டையைக் காக்கும் பொருள் என்றல்ல, மடியிலுள்ள ஆயிரம் ரூபாயைக் காக்கும் பொருள் என்றே அதை எண்ணுகிறார்கள். சாலை விதிக்குப் பயந்தவர் உண்டு. தலைவிதியை நம்பியவர் உண்டு. சாலை விதியைப் புரிந்துகொண்டவர்தாம் குறைவு.

ஆனால், இறந்தவன் தலையிலேயே எல்லாப் பழியையும் சுமத்திவிட்டு எழுந்து போவதும் நீதியாகாது. சல்லியைச் சிந்தியவன் எவன்? தார்ப்பாய் போர்த்தாமல் லாரியை அனுப்பியவன் எவன்? வளைவில் கிடந்ததை நாள்கணக்கில் பார்த்தும், கூட்டித் தள்ளாமல் தாண்டிப் போனவர்கள் எத்தனை பேர்? இந்த வட்டத்தின் தலைநகரான உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும், ஊர்க் காரியம் பார்க்கும் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் முறையைக் கல்லிலே வெட்டிவைத்தார்கள். கணக்குக் காட்டாதவன் குடவோலையில் நிற்கவே தகுதியற்றவன் என்றும் வெட்டினார்கள். அந்தச் சபை எல்லாருக்குமான சபையாக இருக்கவில்லை, நிலமும் வேதமும் உடைய ஒரு சாராருக்கே உரியதாக இருந்தது என்பது வேறு கதை. இன்று கிராம சபை எல்லாருக்கும் உரியது. ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. “வளைவில் கிடக்கும் சல்லிக்கு யார் பொறுப்பு? கணக்குக் காட்டு” என்று ஒரு தீர்மானம் போட, கல்லும் உளியும் வேண்டுமா?

விழுந்தவனைக் கண்டவர்கள் உடனே தூக்கவில்லையாம். போலீசு, சாட்சி, கோர்ட்டு என்ற அச்சம். உதவியவரை அலைக்கழிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016லேயே கூறிவிட்டது. 2019 திருத்தத்தில் அது சட்டமாகவும் ஆகிவிட்டது. முதல் 48 மணி நேரச் சிகிச்சையின் செலவை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம், 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது — எங்கோ தொலைவில் அல்ல, மேல்மருவத்தூரில். சாலையில் விழுந்தவனைச் சுற்றி நின்ற கூட்டத்தில் இவற்றை அறிந்தவர் ஒருவரும் இல்லை.

இனி, அந்தப் பெண்ணைப் பற்றி. வயது 23. மடியிலே இரண்டு வயதுக் குழந்தை. கூடத்தின் மூலையில் உட்கார்ந்திருந்தாள். மோட்டார் சைக்கிள் அவள் தகப்பனார் கொடுத்த சீர்! நகை, பாத்திரம், கட்டில் என்று எழுதிய பட்டியலில், ‘மாப்பிள்ளைக்கு வண்டி’ என்றும் ஒரு வரி எழுதவைத்தார்கள். கையில் பணம் இல்லாத அந்த ஏழை விவசாயி, தம் பெயரில் கடன் எடுத்தார். வண்டியும் அவர் பெயரிலேயே பதிவாயிற்று. உரிமையாளரே உரிமத்துடன் ஓட்டிச் சென்று இறந்தால், குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் தரும் காப்பீடு 2018இல் வந்தது. இறந்தவன் உரிமையாளர் அல்லன். ஆகவே அது இல்லை. எதிர் வண்டி மோதியிருந்தால், அந்த வண்டியின் காப்பீட்டிலிருந்து இழப்பீடு கேட்கலாம். மோதியது சிறுபாலத்துச் சுவர். ஆகவே அதுவும் இல்லை. மருமகன் மண்ணிலே, வண்டி காவல் நிலைய வளாகத்திலே, மாதத் தவணை மட்டும் மாமனார் தலையிலே — இன்னும் 19 மாதங்கள்!

மூலையில் கிடந்த அவளைப் பற்றித்தான், “இவ கால் வச்ச வேளை” என்று இரு பெண்கள் நம் காதில் விழும்படியே பேசினார்கள். மறுநாள் என்ன செய்வார்கள் என்பது நமக்குத் தெரியும், நீங்களும் அறிவீர்கள். தலை நிறையப் பூவைச் சூட்டுவார்கள், பறிப்பதற்காக. கை நிறைய வளையலை அடுக்குவார்கள், உடைப்பதற்காக. அதற்கான பொருள்கள் ஒரு முறத்தில் தயாராக இருந்தன. நண்பரைத் தனியே அழைத்து, இது வேண்டாம் என்றோம். “ஊர் என்ன சொல்லும்?” என்றார்.

பதில் உள்ளேயிருந்து வந்தது. பையனின் தாய் எழுந்து நின்றார்கள். “என் பிள்ளை மண்டை உடைஞ்சது போதும். அவ வளையலும் உடையணுமா? நான் விடமாட்டேன்” என்றார்கள். முறத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போனார்கள். பந்தலில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

திரும்பி வந்தவர்கள், நம்மைப் பார்த்துக் கேட்டார்கள்: “நீங்க எப்படி வந்தீங்கண்ணா?”

செங்கல்பட்டுப் பேருந்து நிலையத்திலிருந்து, நண்பரின் தம்பி மகன் மோட்டார் சைக்கிளில் அழைத்து வந்திருந்தான். அவன் கவசம் பக்கக் கண்ணாடியில் தொங்கியது. பின்னால் அமர்ந்திருந்த நம்மிடம் கவசம் இல்லை, கேட்கவும் இல்லை. இத்தனை நேரம் ஊராரின் அறியாமையை எண்ணி உள்ளத்துக்குள் பொருமிக்கொண்டிருந்த நாம், வளைவும் சல்லியும் சிறுபாலமும் உள்ள அதே சாலையில், வெறுந்தலையோடுதான் வந்திருந்தோம். நமக்கும் தோன்றியது, “கொஞ்ச தூரம்தானே” என்று!

அந்த அம்மையாருக்கு விடை சொல்ல முடியவில்லை. அவர்கள் பார்வை ஒருமுறை ஆணியின் பக்கம் போய்த் திரும்பியது.

மாலையில் தம்பி மகன் வண்டியை எடுத்தான். இம்முறை கவசத்தைத் தலையில் மாட்டியிருந்தான். ஒரு கவசம், இரண்டு தலை. “பேருந்தில் போய்க்கொள்கிறோம் தம்பி” என்று சொல்லிவிட்டு, நிறுத்தத்துக்கு நடந்தோம். பேருந்து வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. காத்திருந்தபோது, கடந்து போகும் வண்டிகளில் கவசம் உள்ள தலைகளை எண்ணத் தொடங்கினோம். பதினொன்றாவது வண்டியில் ஒரு தகப்பன், ஒரு தாய், நடுவில் இரண்டு குழந்தைகள். கவசம் தகப்பனின் முழங்கையில். எண்ணுவதை நிறுத்திவிட்டு, பேருந்து வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.